அடிமாட்டு விலை

பழைய பைக்கை விற்கப் போனா, "அடிமாட்டு விலைக்குக் கேக்கறான்"னு புலம்புவோம் இல்லையா? நிஜமாகவே ஓர் அரசாங்கம் அடிமாட்டுக்கு விலைப்பட்டியல் போட்டுக்கொண்டு ஊர் ஊராகப் போன கதை இது. அமெரிக்காவில், 1934-ல்.

டகோட்டா முதல் டெக்சாஸ் வரை மழை பொய்த்துப் போன வருஷம். புல் கருகி, புழுதிப் புயல் மாட்டின் நுரையீரல் வரை போனது. வைக்கோலுக்கு வழியில்லாமல் முள்செடியை அறுத்து, உப்புத் தூவித் தின்னக் கொடுத்தார்கள். சந்தைக்கு அனுப்பினால் பல இடங்களில் ரயில் கூலிக்கே கட்டாது. அந்த ஜூனில் வறட்சி நிவாரணத்துக்கு 52.5 கோடி டாலர் ஒதுக்கினார்கள். ரூஸ்வெல்ட் அரசு மாடு வாங்கக் கிளம்பியது.

இரண்டு வயசுக்கு மேற்பட்ட மாட்டுக்கு 12 முதல் 20 டாலர். கன்றுக்குட்டிக்கு 4 முதல் 8. சுமாரான விலைதான். ஆனால் என்னை இந்தக் கதைக்குள் இழுத்தது அந்தப் பணத்தை அவர்கள் இரண்டாகப் பிரித்த விதம்.

குடியானவனின் மாடு பெரும்பாலும் ஏற்கெனவே பாங்கில் அடமானத்தில் இருக்கும். முழுப் பணத்தையும் கொடுத்தால் கடன்காரன் அப்படியே அள்ளிக்கொண்டு போவான். அதனால் ஒரு பகுதி 'விலை': அதில் கடன் கொடுத்தவனுக்கும் பங்கு உண்டு. மறுபகுதி 'உதவித்தொகை': பெரிய மாட்டுக்கு 6 டாலர், கன்றுக்கு 3. அதன்மேல் எந்தக் கடன்காரனும் கைவைக்க முடியாது. யார் யோசித்ததோ, ஊர்க்கடன் என்றால் என்னவென்று தெரிந்த ஆசாமி! (சும்மா இல்லை, பிற்பாடு அரசு கொண்டுவரும் உற்பத்திக் கட்டுப்பாட்டுக்கு ஒத்துழைப்பேன் என்று கையெழுத்தும் வாங்கிக்கொண்டார்கள். அரசாங்கமாச்சே!)

சரி, வாங்கிய மாடுகள்? தேறுகிற மாடுகள் ரயிலேறின. முந்தின வருஷம், 1933-ல், விலையை ஏற்ற வேண்டி 60 லட்சம் பன்றிகளைக் கொன்று, 'ஊரே பட்டினி கிடக்க இது என்ன கூத்து' என்று அரசு வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தது. அதனால் இந்தத் தடவை இறைச்சியை டப்பாவில் அடைத்து, வேலையில்லாத குடும்பங்களுக்குக் கொடுத்தார்கள்.

தேறாத மாடுகளை அங்கேயே சுட்டுக் குழியில் தள்ளினார்கள். ஆரம்பத்தில் வாங்கியதில் பாதிக்கு மேல் இப்படித்தான் போயிற்று. வளர்த்தவன் பக்கத்திலேயே நின்று பார்க்க வேண்டும்.

எங்க அப்பத்தா ஒரு கோடையில் தீவனமில்லாமல் பசுவை விற்றது. பழக்கப்படி கயிற்றை மட்டும் கழற்றி வைத்துக்கொண்டது. ரெண்டு நாள் யாரிடமும் பேசவில்லை. இத்தனைக்கும் அது உயிரோடு போன மாடு.

இந்தத் திட்டத்தைக் கொடுமை என்று ஒரே வார்த்தையில் தள்ள எனக்கு மனசு வரவில்லை. உள்ளூர்ச் சந்தையை விட அரசு கொடுத்தது அதிகம். பலர் திவாலாகாமல் தப்பியது இந்தப் பணத்தால்தான். அதே குடும்பங்களின் பிள்ளைகள்தான் வயசான காலத்திலும் அந்தத் துப்பாக்கிச் சத்தத்தைப் பற்றிப் பேசினார்கள்.

1935 ஜனவரி வாக்கில் திட்டம் முடிந்தபோது 83 லட்சம் மாடுகள் வாங்கியாகிவிட்டது. டெக்சாஸில் மட்டும் சுமார் 20 லட்சம். மொத்தச் செலவு 11 கோடி டாலருக்குக் கொஞ்சம் மேலே. தலைக்குச் சராசரி 13 டாலர் சொச்சம். அதில் கடன்காரன் தொட முடியாதது, பெரிய மாடாக இருந்தால், அந்த 6 டாலர்.