உயிர் காலேஜுக்கு எப்படிப் போறது?

இந்த எபிசோட் ஒரு சண்டைல ஆரம்பிச்சது. பெரிய சண்டை இல்ல. மே மாசத்துல குழந்தை இருக்கிற எல்லா வீட்லயும் நடக்கிற சண்டைதான்: "இன்னைக்கு எங்க கூட்டிட்டுப் போறது?"

அக்கா பொண்ணு லீவுக்கு வந்திருந்தா. நாலு வயசு. முதல் வாரம் நான் அவள ஒரு மாலுக்குக் கூட்டிட்டுப் போனேன். குழந்தைங்க விளையாடுற இடத்துக்கு ஒரு மணி நேரக் கணக்குல டிக்கெட். கூடவே ஒட்டாத சாக்ஸ் தனியா வாங்கணும். அவ வெளிய வரமாட்டேன்னு அழ, இன்னொரு மணி நேரம், இன்னொரு டிக்கெட். பார்க்கிங், ஐஸ்கிரீம் எல்லாம் சேர்த்துக் கணக்கு பார்த்தப்ப, ஊட்டிக்கு பஸ்ல போய் வந்திருக்கலாம்னு தோணுச்சு.

வீட்டுக்கு வந்து புலம்பிட்டு இருந்தேன். எங்க ஆயா, அதாவது அம்மாவோட அம்மா, கட்டில்ல உட்கார்ந்துகிட்டே சொன்னாங்க: "எதுக்குடா அங்கெல்லாம் துட்டைக் கொட்டுற? உயிர் காலேஜுக்கு இட்டுனு போயேன்."

எனக்குப் புரியல. அம்மா சிரிச்சாங்க. "அது போய் நாப்பது வருஷம் ஆச்சும்மா"ன்னாங்க.

சென்னைக்காரங்க சில பேருக்குத் தெரிஞ்சிருக்கும். எழும்பூர் மியூசியத்துக்குப் பேரு செத்த காலேஜ். மிருகக்காட்சி சாலைக்குப் பேரு உயிர் காலேஜ். ஒண்ணுல பாடம் பண்ண விலங்கு, திமிங்கல எலும்புக்கூடு. இன்னொண்ணுல உறுமுற சிங்கம். ரெண்டையும் பிரிச்சுக் காட்ட இதைவிடத் தெளிவான பேரு யாராலயும் வைக்க முடியாது.

ஆனா ஏன் 'காலேஜ்'? அங்க யாரும் படிக்கலயே? இந்தக் கேள்வில இருந்துதான் நான் தோண்ட ஆரம்பிச்சேன்.

1851-ல சென்னை மியூசியம் தொடங்கினப்ப அது எழும்பூர்ல இல்ல. நுங்கம்பாக்கத்துல, புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரி இருந்த கட்டடத்தோட மாடியில இருந்துச்சு. கம்பெனி அதிகாரிகளுக்கு இந்திய மொழிகள் கத்துக்கொடுக்க வச்ச கல்லூரி அது. அந்த ரோட்டுக்கு இன்னைக்கும் காலேஜ் ரோடுன்னுதான் பேரு. மியூசியம் பார்க்கப் போற ஜனங்க "காலேஜுக்குப் போறோம்"னு சொல்லிப் பழகி, மியூசியம் இடம் மாறின பிறகும் அந்தப் பேரு கூடவே போயிருக்கும். இது என்னோட ஊகம்தான். ஆனா நம்ம ஊர்ல பேரு இப்படித்தானே ஒட்டிக்குது?

மியூசியத்துக்கு முதல் பொறுப்பாளர் எட்வர்ட் பால்ஃபர். ஸ்காட்லாந்துல இருந்து வந்த ராணுவ மருத்துவர். 1854 கடைசியில மியூசியம் எழும்பூர் பாந்தியன் கட்டடத்துக்கு மாறுச்சு. அது வெள்ளைக்கார அதிகாரிகள் விருந்தும் நடனமும் நடத்தின இடம். அதுக்குள்ள இப்ப ஊர் ஜனங்க வந்து போக ஆரம்பிச்சாங்க.

பால்ஃபர் ஒரு விஷயத்தைக் கவனிச்சார். கல்லையும் எலும்பையும் பார்க்க வர்ற கூட்டத்தைவிட, வளாகத்துல உயிரோட கட்டி வச்சிருந்த புலிக்குட்டி மாதிரி விலங்குகளைப் பார்க்க வர்ற கூட்டம் பல மடங்கு அதிகம். நம்ம பாஷைல சொன்னா, எந்தப் பக்கத்துக்கு டிராஃபிக் வருதுன்னு டேட்டாவைப் பார்த்துட்டார். உடனே ஆற்காடு நவாப்கிட்ட பேசி, அவர் வளர்த்துவந்த விலங்குகளை மியூசியத்துக்கு வாங்கினார். 1855-ல மியூசியம் வளாகத்துலயே மிருகக்காட்சி சாலை தொடங்கிடுச்சு. ஒரே வருஷத்துல 300-க்கும் மேல விலங்குகள், பறவைகள், ஊர்வன.

அந்த 1855 அக்டோபர்லதான் நவாப் குலாம் கௌஸ் கான் வாரிசு இல்லாம இறந்துபோனார். கம்பெனி அரசு நவாப் பட்டத்தையே ரத்து பண்ணிடுச்சு. அதுவரைக்கும் ஒரு அரண்மனைக்குள்ள சில பேரு மட்டும் பார்த்த மிருகங்களை, இப்ப யார் வேணா தோள்ல குழந்தையத் தூக்கிட்டு வந்து பார்க்கலாம். அரண்மனைக்காரருக்கு அரண்மனையே இல்ல. ஒரே வருஷத்துல ரெண்டும் நடந்துச்சு.

மியூசியம் வளாகம் விலங்குகளுக்குப் பத்தல. இங்கதான் கதைக்குள்ள வர்றார் ஆளுநர் சார்லஸ் டிரெவெல்யன். 1840-கள்ல அயர்லாந்துல பஞ்சம் வந்தப்ப நிவாரணத்தைக் கையாண்டு, இன்னைக்கு வரைக்கும் அந்த நாட்டு மக்கள்கிட்ட கெட்ட பேரு வாங்கியிருக்கிற அதே டிரெவெல்யன். 1859-ல சென்னைக்கு ஆளுநரா வந்தார். வருமான வரியை வெளிப்படையா எதிர்த்ததால அடுத்த வருஷமே லண்டனுக்குத் திருப்பிக் கூப்பிட்டுட்டாங்க. அந்தக் கொஞ்ச காலத்துல அவர் முயற்சியில உருவானதுதான் பீப்பிள்ஸ் பார்க். இன்னைக்கு சென்ட்ரல் ஸ்டேஷன் இருக்கிற பகுதியை ஒட்டி 116 ஏக்கர். குளங்கள், நடைபாதைகள், மரங்கள். 1863-ல மியூசியத்து விலங்குகள் எல்லாம் இங்க வந்துச்சு. செத்த காலேஜும் உயிர் காலேஜும் பிரிஞ்சது அப்பதான்.

ஆயா சின்னப் பொண்ணா இருந்தது சூளையில. அவங்க சொல்ற காணும் பொங்கல் இப்படி: காலையில புளிச்சோறு கட்டி, வீட்ல இருக்கிற சித்தி, பெரியம்மா, குழந்தைங்க எல்லாம் நடந்தே கிளம்புவாங்க. முதல்ல செத்த காலேஜ். அப்புறம் உயிர் காலேஜ். அங்க மரத்தடியில சோறு. சாயங்காலம் பீச். ராத்திரி திரும்பி வரும்போது குழந்தைங்க எல்லாம் யாரோ ஒருத்தர் தோள்ல தூங்கும். செலவுன்னா பீச்ல வாங்கின சுண்டல் மட்டும்தான்.

இதைக் கேட்கும்போது எனக்கு உடனே 'அந்தக் காலம் பொற்காலம்'னு சொல்லணும் போல இருந்துச்சு. சொல்லப் போறதில்ல. ரெண்டு காரணம்.

முதல் காரணம், இதே பீப்பிள்ஸ் பார்க்ல வருஷக் கடைசியில நடந்த பெரிய கண்காட்சி. 1886 டிசம்பர் 31. மறுநாள் புத்தாண்டு. கொண்டாட வந்த கூட்டம் நிறைஞ்சிருந்தப்ப தீப்பிடிச்சு, 300 பேருக்கு மேல இறந்துபோனாங்க. இந்த ஊர்ல நடந்த ரொம்ப மோசமான தீ விபத்துகள்ல ஒண்ணு. நான் சென்னைலயே பொறந்து வளர்ந்தவன். இதைப் பத்தி ஒரு வரிகூடக் கேள்விப்பட்டதில்ல. இன்னைக்குக் காணும் பொங்கலுக்கு மெரினா போனீங்கன்னா, குழந்தைங்க கையில போலீஸ்காரங்க பெத்தவங்க போன் நம்பர் எழுதின பட்டையைக் கட்டி விடுறதைப் பார்க்கலாம். கொஞ்சம் அலுப்பாத்தான் இருக்கும். ஆனா கூட்டத்துல ஒரு குழந்தை பத்திரமா வீடு திரும்பணும்னா, அது தானா நடக்காது, யாராவது யோசிச்சிருக்கணும்.

ரெண்டாவது காரணம் விலங்குகள். ஆயாவே சொன்னாங்க, "சிங்கம் பாவம்டா. இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்துனே இருக்கும்." நடு ஊர்ல, ரயில் சத்தத்துல, சின்னக் கூண்டுல. 1970-கள்ல நெரிசல் தாங்க முடியாத நிலைமை. வண்டலூர் காப்புக்காட்டுல 1,265 ஏக்கர் ஒதுக்கினாங்க. 1985 ஜூலை 24-ல முதல்வர் எம்.ஜி.ஆர் அதைத் திறந்து வச்சார். இன்னைக்கு நாம போற அறிஞர் அண்ணா உயிரியல் பூங்கா அதுதான். அந்த முடிவு சரின்னுதான் நான் நினைக்கிறேன். சிங்கத்தைக் கேட்டா அதுவும் அப்படித்தான் சொல்லும்.

அப்ப பிரச்சினை என்ன? மிருகங்கள் போன பிறகு அந்த 116 ஏக்கர் என்ன ஆச்சுங்கறதுதான்.

உண்மையில அது முன்னாடியே கரைய ஆரம்பிச்சிருச்சு. 1880-கள்ல ஒரு மூலையில விக்டோரியா பப்ளிக் ஹால். 1900-ல மூர் மார்க்கெட். 1913-ல ரிப்பன் மாளிகை. அப்புறம் ஸ்டேடியம். ஒவ்வொண்ணும் தேவையான கட்டடம்தான். எதைக் கட்டினப்பவும், "இது பார்க்காச்சே, இங்க வேணாம்"னு யாரும் அழுத்திச் சொல்லல. காலி இடம் மாதிரித் தெரியறது எல்லாம் காலி இடம் இல்லங்கறது, அது போன பிறகுதான் தெரியும். 1985 மே 30-ஆம் தேதி மூர் மார்க்கெட் எரிஞ்சது. பழைய புத்தகக் கடைகளோட சேர்ந்து சாம்பல். ரெண்டு மாசம் கழிச்சு வண்டலூர் திறந்தாச்சு. ஒரே கோடை. லீவுக்குக் குழந்தையக் கூட்டிட்டு நடந்து வர்ற ரெண்டு இடம் அந்த ஒரே கோடையில இல்லாமப் போச்சு.

ஒரு ஞாயித்துக்கிழமை காலையில, வெயில் ஏறும் முன்ன, ஆயாவையும் பொண்ணையும் ஆட்டோல சென்ட்ரலுக்குக் கூட்டிட்டுப் போனேன். மாலுக்குக் கட்டின காசுல பத்துல ஒரு பங்குகூட ஆகல. புறநகர் ரயில் நிலையத்துல 'மூர் மார்க்கெட் வளாகம்'னு பேரு மட்டும் இருக்கு. ஆயா ரொம்ப நேரம் சுத்திப் பார்த்தாங்க. சிங்கக் கூண்டு எந்தப் பக்கம்னு அவங்களால சொல்ல முடியல. முதல்ல ஒரு பக்கம் கையக் காட்டினாங்க, அப்புறம் வேற பக்கம். "மரம் இருந்தா சொல்லிருவேன்"னாங்க.

பொண்ணுக்கு இது எதுவும் கவலை இல்ல. வழியெல்லாம் அவளுக்கு ஒரே கேள்விதான். ரிப்பன் மாளிகையக் காட்டி, "மாமா, இது செத்ததா, உயிரா?" விக்டோரியா ஹாலைக் காட்டி, "இது?" கவர்ன்மென்ட் ஆபீஸ்டா கண்ணுன்னு ஒண்ணுக்குச் சொன்னேன். "அப்போ செத்ததா?"ன்னா. ஆயா சிரிச்ச சிரிப்புல பக்கத்துல நின்ன ஆட்டோக்காரரும் சிரிச்சிட்டார்.

கடைசியா சிடன்ஹாம்ஸ் ரோடு பக்கம் போனோம். மை லேடீஸ் பூங்கா. பீப்பிள்ஸ் பார்க்குக்குள்ள ஒரு காலத்துல மலர்க் கண்காட்சிகள் நடந்த தோட்டம். அந்த 116 ஏக்கர்ல இன்னும் பூங்காவாவே மிச்சம் இருக்கிற துண்டு. டிக்கெட் கவுன்ட்டர்னு ஒண்ணு இருக்குமோன்னு பாக்கெட்ல கைய வச்சேன். அப்படி எதுவும் இல்ல. பொண்ணு ஊஞ்சலைப் பார்த்து ஓடிட்டா. ஒரு மணி நேரம் ஆச்சு, யாரும் வந்து டைம் முடிஞ்சதுன்னு சொல்லல. ஆயா எடுத்துட்டு வந்த டப்பாவைத் திறந்தாங்க. புளிச்சோறு. நான் சொல்லவே இல்ல, அவங்களா விடியக்காலைல எழுந்து கிளறியிருக்காங்க.

அடுத்த வாரம் வண்டலூரும் போனோம். பார்க் ஸ்டேஷன்ல ரயில் ஏறினோம். 'பார்க்'னு அந்த ஸ்டேஷன் ஏன் பேரு வாங்கிச்சுன்னு இத்தனை வருஷம் நான் யோசிச்சதே இல்ல. பீப்பிள்ஸ் பார்க் போயிடுச்சு, ஸ்டேஷன் பேருல மட்டும் மிச்சம் இருக்கு. அங்கிருந்து வண்டலூர் சுமார் 30 கிலோமீட்டர். ஆயாவுக்கு முட்டி வலி. உள்ள பேட்டரி வண்டில உட்கார்ந்து சுத்திப் பார்த்தாங்க. சிங்கத்தைப் பார்த்ததும், "இது பரவால்ல, நல்லா இருக்குது"ன்னு மட்டும் சொன்னாங்க. இடம் நல்லா இருக்கு. ஆனா சூளையில இருந்து குழந்தையை இடுப்புல வச்சுகிட்டு நடந்து வர முடியாது. ஒரு நாள் கூலியை விட்டுட்டு, டிபன் கட்டி, ரயில் மாறி வரணும். அதனால வருஷத்துக்கு ஒரு தடவை, காணும் பொங்கலுக்கு. அன்னைக்கு மொத்த ஊரும் ஒரே வாசல்ல நிக்கும்.

காணும் பொங்கல் அன்னைக்கு மெரினாலயும் வண்டலூர்லயும் கூட்டம் அலைமோதுறதைப் பார்த்து, மறுநாள் குப்பை போட்டோவைப் போட்டு, "நம்ம ஜனங்களுக்கு ஒழுங்கே இல்ல"ன்னு நானும் ஷேர் பண்ணியிருக்கேன். இப்ப வேற கேள்வி வருது. இந்த ஊர்ல ஒரு குழந்தையைக் காசு இல்லாம, நடந்து போய், ஒரு நாள் முழுக்க உட்கார வைக்க எத்தனை இடம் மிச்சம் வச்சிருக்கோம்? இடம் குறையக் குறைய, மிச்சம் இருக்கிற இடத்துல கூட்டம் கூடத்தானே செய்யும்?

சிங்கம் வண்டலூருக்குப் போனது நியாயம். அது விட்டுட்டுப் போன நிழலையாவது குழந்தைங்களுக்கு விட்டு வச்சிருக்கலாம்.

இந்த லீவுல ஒரு வேலை செய்யுங்க. வீட்ல இருக்கிற பெரியவங்ககிட்ட, "சின்ன வயசுல உங்கள லீவுக்கு எங்க கூட்டிட்டுப் போனாங்க? எப்படிப் போனீங்க? என்ன சாப்பிட்டீங்க?"ன்னு கேளுங்க. முடிஞ்சா அவங்களையும் கூட்டிட்டு அந்த இடத்துக்குப் போங்க. இடம் இருந்தா உங்க வீட்டுக் குழந்தையை அங்க விளையாட விடுங்க. இல்லாமப் போயிருந்தா, இப்ப அங்க என்ன இருக்குன்னு எனக்கு ஒரு வாய்ஸ் நோட் அனுப்புங்க. மதுரை, கோவை, திருச்சி, எந்த ஊரா இருந்தாலும் சரி. வர்றதை எல்லாம் சேர்த்து ஒரு எபிசோட் பண்ணலாம்.

அக்கா பொண்ணு ஊருக்குத் திரும்பிட்டா. போன வாரம் வீடியோ கால்ல அவங்க ஸ்கூலைக் காட்டினா. "மாமா, இது உயிர் காலேஜ்"னு அவளே சொல்லிட்டா.

அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.