ரோபோகான்: மூன்று நிமிடக் களத்தில் ஓராண்டு உழைப்பு

பொறியியல் மாணவர்கள் தாங்களே வடிவமைத்து உருவாக்கிய ரோபோக்களை மோதவிடும் தொலைக்காட்சிப் போட்டி ‘ரோபோகான்’. ஜப்பானின் என்.எச்.கே. நிறுவனம் 1988-இல் தொடங்கிய போட்டியின் வழியில், ஆசிய-பசிபிக் ஒலிபரப்பு ஒன்றியம் 2002 முதல் இதனை ஆண்டுதோறும் நடத்துகிறது. டோக்கியோவில் நடைபெற்ற முதல் போட்டியில் வியட்நாம் அணி வென்றது. இந்தியாவின் சார்பில் பங்கேற்கும் அணியைத் தூர்தர்ஷன் நடத்தும் தேசியச் சுற்று தீர்மானிக்கிறது.

களத்தில் என்ன விளையாட்டு என்பதைப் போட்டியை நடத்தும் நாடே முடிவு செய்யும். இதன் சுவையும் அதில்தான் உள்ளது. புனேயில் 2008-இல் நடைபெற்ற போட்டிக்கு உறியடியே கருப்பொருள். வெண்ணெய்க் கட்டிகளை ரோபோக்கள் கைப்பற்ற வேண்டியிருந்தது. அங்கேயே 2014-இல், மாணவர் இயக்கிய ‘பெற்றோர்’ ரோபோ, தானாக இயங்கும் ‘குழந்தை’ ரோபோவை ஏற்றப்பலகை, ஊஞ்சல் என விளையாட அழைத்துச் சென்றது. புதுதில்லியில் 2022-இல் லகோரி, அதாவது ஏழு கல் விளையாட்டு. பந்தெறிந்து அடுக்கைச் சரிப்பது ஒரு ரோபோ. மீண்டும் அடுக்குவது மற்றொன்று. சரிப்பதைக் காட்டிலும் அடுக்குவதே கடினம் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

கருப்பொருள் ஆண்டுதோறும் மாறுவதால், சென்ற ஆண்டின் ரோபோ இவ்வாண்டு அப்படியே உதவாது. விதிகள் வெளியானதும் வடிவமைப்பு புதிதாகத் தொடங்கும். ஆட்டமோ அதிகபட்சம் மூன்று நிமிடங்கள். கம்பி கழன்றாலும், உணர்வி பிசகினாலும், சரிசெய்யும் நேரமும் அதற்குள்ளேயே கழியும்.