துண்டாகிச் சென்ற குரல்

இருவர் மௌனமாயிருந்த வேளையிலும் அவர்களுக்கென ஒரு தடம் முழுவதையும் ஒதுக்கிவைத்து, அதற்கும் காசு வாங்கியது பழைய தொலைபேசி முறை. 1964இல் அமெரிக்கப் பொறியியலாளர் போல் பாரன், அணுகுண்டு வீழ்ந்தாலும் அறாத வலையொன்றைத் திட்டமிட்டார். குரலை எண்களாக்கி, துண்டுதுண்டாகப் பல வழிகளில் அனுப்பலாம் என்றார். போர்த் தேவையிற் பிறந்த எண்ணந்தான். அதை நாம் மறைக்க வேண்டியதில்லை. ஆயினும், இது நடவாது என்று மறுத்தது தொலைபேசி ஏகபோகமான ஏ.ரி. அன்ட் ரி. கம்பனி. கம்பிகளெல்லாம் அதன் சொத்தல்லவா!

1974இல் கலிபோர்னியாவுக்கும் மசச்சூசெற்சுக்கும் இடையே ஆர்ப்பாநெற் வலையில் குரல் பொதிகளாகச் சென்றது. இன்றைய கருவிகள் பேச்சைச் செக்கனுக்கு 8,000 தடவையேனும் அளந்து, பொதுவாக 20 மில்லிசெக்கன் பேச்சை ஒரு பொதியாகக் கட்டுகின்றன. மறுமுனை சற்றுக் காத்திருந்து அவற்றை வரிசைப்படுத்துகிறது. மிகப் பிந்தியதை எறிந்துவிடுகிறது.

அந்த ஏகபோகம் 1984இல் உடைக்கப்பட்டது. அதன் பெயரைத் தாங்கும் இன்றைய கம்பனியோ, பொதிகளாகக் குரலை அனுப்பியே காசு வாங்குகிறது.