எட்வர்ட் 'டெடி' ஷீயன் (1923–1942)

எட்வர்ட் ஷீயன், இரண்டாம் உலகப் போரின்போது திமோர் கடலில் உயிர்நீத்த ஆஸ்திரேலியக் கடற்படை மாலுமி. 'டெடி' என்ற பெயராலேயே பரவலாக அறியப்படுகிறார். 1942 டிசம்பர் 1 அன்று ஜப்பானிய விமானத் தாக்குதலில் 'ஆர்மிடேல்' போர்க்கப்பல் மூழ்கத் தொடங்கியது. கப்பலைக் கைவிடும்படி உத்தரவு வந்த பிறகு அவர் தம் துப்பாக்கிக்குத் திரும்பிச் சென்றார். கடலில் தத்தளித்த தோழர்களைக் காக்க எதிரி விமானங்களைச் சுட்டபடியே கப்பலோடு மூழ்கினார். 19ஆம் பிறந்தநாளுக்கு அப்போது நான்கு வாரங்கள்கூட இல்லை. 78 ஆண்டுகளுக்குப் பின், 2020இல், அவருக்கு விக்டோரியா சிலுவை விருது வழங்கப்பட்டது. ஆஸ்திரேலியக் கடற்படையைச் சேர்ந்த ஒருவர் இவ்விருதைப் பெற்றது அதுவே முதல் முறை.

பிறப்பும் இளமையும்

ஷீயன் 1923 டிசம்பர் 28 அன்று, ஆஸ்திரேலியாவின் தென்கோடி மாநிலமான டாஸ்மேனியாவில் லோயர் பாரிங்டன் என்னும் சிற்றூரில் பிறந்தார். கூலித் தொழிலாளியான ஜேம்ஸ் ஷீயனுக்கும் மேரி ஜேனுக்கும் அவர் பதினான்காவது பிள்ளை. அவர் பிறந்த சிறிது காலத்தில் குடும்பம் அருகிலுள்ள லட்ரோப் நகருக்குக் குடிபெயர்ந்தது. அங்கிருந்த கத்தோலிக்கப் பள்ளியில் படித்தவர், பிறகு சுற்றுவட்டாரப் பண்ணைகளில் கிடைத்த வேலைகளைச் செய்து வந்தார். போர் மூண்டதும் சகோதரர்கள் ஐவர் படையில் சேர்ந்தனர். நால்வர் தரைப்படையிலும் ஒருவர் கடற்படையிலும். 1941 ஏப்ரல் 21 அன்று டெடியும் ஹோபர்ட் நகரில் கடற்படையின் துணைப்படையில் சாதாரண மாலுமியாகச் சேர்ந்தார்.

கடற்படையில்

தொடக்கப் பயிற்சியை முடித்த ஷீயன், 1942 பிப்ரவரியில் மேற்பயிற்சிக்காக விக்டோரியா மாநிலத்திலுள்ள ஃபிளிண்டர்ஸ் கடற்படைத் தளத்துக்கு அனுப்பப்பட்டார். மே மாதம் சிட்னிக்கு மாற்றலானார். மாலுமிகளின் தங்குமிடமாக மாற்றப்பட்டிருந்த 'குட்டபுல்' என்ற பழைய பயணிகள் படகில் அவருக்கு இடம் ஒதுக்கப்பட்டது. மே 31 இரவு ஜப்பானியரின் குறு நீர்மூழ்கிகள் சிட்னி துறைமுகத்துக்குள் புகுந்தன. அவை ஏவிய டார்பிடோ வெடித்துக் குட்டபுல் மூழ்கியது. 21 மாலுமிகள் மாண்டனர். விடுப்பில் சொந்த ஊருக்குப் போயிருந்ததால் ஷீயன் அன்று தப்பினார். 11 நாட்கள் கழித்துச் சிட்னி திரும்பி, புதிதாகப் பணியில் இணைந்த ஆர்மிடேல் கப்பலில் ஏறினார். அதுவே அவருடைய முதல் கப்பல். கடைசிக் கப்பலும் அதுவே.

ஆர்மிடேல் கப்பல்

நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் ஆர்மிடேல் நகரின் பெயரைத் தாங்கிய இக்கப்பல், 'பாதர்ஸ்ட்' வகையைச் சேர்ந்த கார்வெட் என்னும் சிறிய போர்க்கப்பல். சிட்னியில் கட்டப்பட்டு 1942 ஜூன் 11 அன்று பணியில் சேர்க்கப்பட்டது. இவ்வகையில் 60 கப்பல்கள் ஆஸ்திரேலியத் தளங்களில் கட்டப்பட்டன. அவற்றுள் நான்கு அன்றைய இந்தியக் கடற்படைக்கு உரியவை. அந்த நான்கில் ஒன்றின் பெயர் 'மெட்ராஸ்'. சுமார் 57 மீட்டர் நீளமுள்ள இக்கப்பல்கள் கண்ணிவெடி அகற்றவும் வணிகக் கப்பல்களுக்குப் பாதுகாப்பாகச் செல்லவும் வடிவமைக்கப்பட்டவை. அதிகபட்ச வேகம் 15 நாட் அளவுதான். வானிலிருந்து வரும் தாக்குதலை எதிர்கொள்ள அவற்றிடம் இருந்த முக்கிய ஆயுதம் 20 மி.மீ. ஓர்லிகன் துப்பாக்கி.

ஓர்லிகனை இயக்குபவர் அதன் இரு தோள்தாங்கிகளுக்கு நடுவே நின்று, வாரால் தம்மைத் துப்பாக்கியோடு பிணைத்துக்கொள்வார். உடலைத் திருப்பினால் குழலும் திரும்பும். மேலே பொருத்தப்படும் வட்ட உறையில் 60 குண்டுகள் இருக்கும். விடாமல் சுட்டால் சில விநாடிகளில் அவை தீர்ந்துவிடும். காலியான உறையைக் கழற்றி அடுத்ததை ஏற்ற இன்னொருவர் வேண்டும். ஆர்மிடேலில் ஷீயனுக்கு இருந்த பொறுப்பு, இப்படிக் குண்டு உறைகளை ஏற்றுவதே.

திமோர் பயணம்

1942 பிப்ரவரி 20 அன்று ஜப்பான் திமோர் தீவில் படையிறக்கியது. அங்கிருந்த ஆஸ்திரேலியத் தனிப்படைப் பிரிவு மலைகளுக்குள் பின்வாங்கி, மாதக்கணக்கில் கெரில்லாப் போர் நடத்திக் களைத்துப்போயிருந்தது. அவர்களையும் டச்சுப் படையினரையும் போர்த்துகீசியப் பொதுமக்களையும் மீட்டு வரவும், புதிய டச்சுக் கிழக்கிந்தியப் படையினரை இறக்கவும் ஆர்மிடேல், காசில்மெயின், குரூ ஆகிய மூன்று கப்பல்கள் அனுப்பப்பட்டன. நவம்பர் 29 அன்று ஆர்மிடேலும் காசில்மெயினும் டார்வினிலிருந்து புறப்பட்டன. வழியில் விமானத் தாக்குதல்களால் தாமதமாகி, தென்கரையிலுள்ள பெட்டானோவுக்கு அவை நேரம் கடந்தே வந்து சேர்ந்தன. சிறிய கப்பலான குரூ அதற்குள் பொதுமக்களில் ஒரு பகுதியினரை ஏற்றிக்கொண்டு புறப்பட்டுவிட்டது. நடுக்கடலில் சந்தித்தபோது அவர்கள் காசில்மெயினுக்கு மாற்றப்பட்டனர். அக்கப்பல் டார்வின் திரும்பியது. கரையில் இறக்க வேண்டிய படையினர் ஆர்மிடேலில் இருந்ததால், அதுவும் குரூவும் மீண்டும் பெட்டானோ செல்லுமாறு ஆணையிடப்பட்டன.

பகல் வெளிச்சத்தில், விமானப் பாதுகாப்பு இல்லாமல், எதிரியின் பார்வையில் பட்ட கடலில் ஆர்மிடேல் குரூவைப் பிரிந்து தனித்துச் சென்றது. தலைவர் லெப்டினன்ட் கமாண்டர் டேவிட் ரிச்சர்ட்ஸ், விமானத் துணை கேட்டுத் திரும்பத் திரும்பச் செய்தி அனுப்பினார். தேவையான நேரத்தில் அது வந்து சேரவில்லை.

1942 டிசம்பர் 1

பிற்பகலில் முதலில் வந்த குண்டுவீச்சு விமானங்களை ஆர்மிடேல் சமாளித்தது. அடுத்து ஒன்பது குண்டுவீச்சு விமானங்களும் மூன்று சண்டை விமானங்களும் பல திசைகளிலிருந்து பாய்ந்தன. மூன்று மணி கடந்த சிறிது நேரத்தில் இரண்டு டார்பிடோக்கள் கப்பலைத் தாக்கின. பின்பகுதியில் ஒரு குண்டும் விழுந்தது. இடப்பக்கம் சாய்ந்த கப்பலைக் கைவிட உத்தரவு பிறந்தது.

ஷீயன் ஓர் உயிர்காப்பு மிதவையை அவிழ்த்துவிட உதவினார். கடலில் குதித்தவர்களைச் சண்டை விமானங்கள் தாழப் பறந்து சுடுவதைக் கண்டார். குதித்துத் தப்பிக்க வழியிருந்தும், சாய்ந்துகொண்டிருந்த தளத்தில் ஏறிப் பின்பக்க ஓர்லிகனுக்குப் போய்த் தம்மை அதில் பிணைத்துக்கொண்டார். மார்பிலும் முதுகிலும் காயம்பட்டிருந்தும் அவர் சுடுவதை நிறுத்தவில்லை. அவர் ஒரு குண்டுவீச்சு விமானத்தை வீழ்த்தியதாகவும், மற்றவற்றை மாலுமிகளை நெருங்கவிடாமல் விரட்டியதாகவும் பதிவாகியுள்ளது. தண்ணீர் அவரைச் சூழ்ந்து, கப்பல் உள்ளே இறங்கும்போதும் அந்தத் துப்பாக்கி முழங்கிக்கொண்டிருந்ததைக் கடலில் இருந்தவர்கள் பார்த்தார்கள்.

தப்பியவர்கள்

உயிர் பிழைத்தவர்களுக்குத் துன்பம் அத்தோடு முடியவில்லை. மறுநாள் ரிச்சர்ட்ஸ் தலைமையில் ஒரு விசைப்படகு உதவி தேடிப் புறப்பட்டது. சேதமடைந்திருந்த துடுப்புப் படகைச் சீராக்கி, டிசம்பர் 5 அன்று இன்னொரு குழு கிளம்பியது. எஞ்சியோர் மிதவையிலேயே காத்திருந்தனர். இரு படகுகளிலும் இருந்தவர்கள் மீட்கப்பட்டனர். மிதவையைத் தேடுதல் விமானம் ஒன்று கண்டும், கப்பல்கள் அங்கு சென்றபோது அது கிடைக்கவில்லை. அதிலிருந்தவர்கள் என்றென்றைக்கும் காணாமற்போயினர். ஆர்மிடேலில் பயணித்த 149 பேரில் உயிரோடு திரும்பியவர்கள் 49 பேர்.

விருதுக்கான நெடும்பயணம்

1943இல் ஷீயனின் பெயர் போர்ச் சிறப்பறிக்கையில் குறிப்பிடப்பட்டது. அன்றைய பிரிட்டிஷ் விருது முறையில், எதிரிமுன் வீரம் காட்டி மாண்டவருக்கு இரண்டே மரியாதைகள் உண்டு: உச்சத்தில் விக்டோரியா சிலுவை, அடியில் சிறப்பறிக்கைக் குறிப்பு. இடைப்பட்ட பதக்கங்கள் எதையும் இறந்தவருக்கு வழங்க முடியாது. ஆஸ்திரேலியக் கடற்படையின் பரிந்துரைகள் லண்டன் கடற்படைத் தலைமையகம் வழியே செல்ல வேண்டியிருந்ததும் ஒரு தடை.

உயிர் பிழைத்த தோழர்களும் குடும்பத்தாரும் டாஸ்மேனிய மக்களும் ஷீயனுக்கு விக்டோரியா சிலுவை வேண்டும் என்ற கோரிக்கையைக் கைவிடவில்லை. 2013இல் வெளியான விசாரணை அறிக்கை விருதுக்குப் பரிந்துரைக்கவில்லை. ஷீயனின் உடன்பிறந்தவரின் மகன் செய்த முறையீட்டின் பேரில் நடந்த மறுஆய்வு 2019இல் விருது வழங்கப் பரிந்துரைத்தது. 2020 மே மாதம் அரசு அதை ஏற்க மறுத்தது. எதிர்ப்பு வலுத்ததும் பிரதமர் ஸ்காட் மாரிசன், பிரெண்டன் நெல்சன் தலைமையில் வல்லுநர் குழு அமைத்தார். புதிய சான்றுகள் வலுவானவை என்று குழு முடிவு செய்தது. ஆகஸ்ட் 12 அன்று அரசி இரண்டாம் எலிசபெத் ஒப்புதல் அளித்தார். ஆர்மிடேல் மூழ்கிய அதே டிசம்பர் 1 அன்று, கான்பராவில் தலைமை ஆளுநர் டேவிட் ஹர்லி பதக்கத்தைக் குடும்பத்தாரிடம் வழங்கினார்.

நினைவுச் சின்னங்கள்

ஓவியர் டேல் மார்ஷ் 1978இல் தீட்டிய ஷீயனின் ஓவியம் கான்பராவிலுள்ள ஆஸ்திரேலியப் போர் நினைவகத்தில் உள்ளது. லட்ரோப் நகரில் அவர் பெயரில் நினைவு நடைபாதை அமைந்துள்ளது. 1999இல் காலின்ஸ் வகை நீர்மூழ்கிக் கப்பல் ஒன்று 'ஷீயன்' எனப் பெயரிடப்பட்டு, அவருடைய சகோதரியின் கையால் கடலில் இறக்கப்பட்டது. அவ்வகையின் மற்ற ஐந்து நீர்மூழ்கிகளும் அதிகாரிகளின் பெயர் கொண்டவை. சாதாரண மாலுமியின் பெயரைத் தாங்கியது இது ஒன்றே. 'போரைத் தொடர்' என்பது அதன் முழக்கம்.

கடலில் கிடக்கும் ஷீயனுக்குக் கல்லறை இல்லை. ஆர்மிடேலோடும் அதன் மிதவையோடும் போன நூறு பேரில் பெரும்பாலோர் டச்சுக் கிழக்கிந்தியப் படையைச் சேர்ந்த வீரர்கள். அவர்களுக்கும் கல்லறை இல்லை, அவர்கள் பெயரில் கப்பலும் இல்லை. ஷீயனின் வீரத்தைப் போற்றும் எவரும் அவர்களையும் சேர்த்து நினைப்பதே இவ்வரலாற்றுக்குச் செய்யும் நியாயம்.