பூர்போன் தீவின் ரோஜாவும் புதுச்சேரிக் கரையின் கொடிப்பந்தலும்

நறுமணமுள்ள கொடி ரோஜா தனியொரு இனமன்று. நீண்ட கிளைகளை வீசி வளரும் பல வகை ரோஜாக்களுக்கும் வழங்கும் பொதுப்பெயர் அது. முல்லையைப் போல் அது கொம்பைச் சுற்றி ஏறுவதில்லை. பாகல், புடலையைப் போல் பற்றுக்கம்பிகளும் அதற்கு இல்லை. வளைந்த முட்களை அருகிலுள்ள மரத்தில் மாட்டிக்கொண்டு வெளிச்சத்தை நோக்கி உயர்வதே காட்டில் அதன் வழக்கம். வீட்டுத் தோட்டத்திலோ அதன் கிளைகளைப் பந்தலிலும் சுவரிலும் கட்டிவிட ஒரு கை வேண்டும்.

புதுச்சேரி நகரின் தெற்கே, அரியாங்குப்பம் ஆறு கடலோடு கலக்கும் முகத்துவாரத்தை ஒட்டியது தேங்காய்த்திட்டு. அலையாத்திக் காடும் தென்னையும் மீன்பிடித் துறைமுகமும் கொண்ட ஊர் இது. உப்புக்காற்றும் வெயிலும் நிறைந்த இத்தகைய கரையில் ரோஜா வளர்வது வியப்பாகத் தோன்றலாம். ரோஜாவைக் குளிர்நாட்டுச் செடி என்று எண்ணும் பழக்கமே அந்த வியப்புக்குக் காரணம். தமிழ்க் கடற்கரையின் வீட்டுத் தோட்டங்களில் நிலைத்த மணமுள்ள ரோஜா, பாரசீகப் பக்கத்து ரோஜாவும் சீனத்து ரோஜாவும் இந்துமாக்கடல் தீவொன்றில் கலந்து பிறந்தது. வெப்பம் அதற்குப் பிறவியிலேயே பழகியது.

ரோஜாவுக்கு முந்திய பந்தல்

மணக்கும் கொடியை வீட்டருகே வளர்ப்பது தமிழருக்குப் பழைய வழக்கம். முல்லை, மௌவல், தளவம், குருக்கத்தி ஆகியவை சங்கப் பாடல்களில் திரும்பத் திரும்ப வருகின்றன. படரக் கொம்பின்றித் தவித்த முல்லைக்குப் பாரி தன் தேரைத் தந்த கதையை அறியாத தமிழர் இல்லை. கபிலர் பாடிய குறிஞ்சிப்பாட்டு 99 பூக்களை அடுக்கிச் சொல்கிறது. ரோஜாவுக்கு அந்த வரிசையில் இடமில்லை. அது பின்னால் வந்த பூ. ஆனால் அது வந்தபோது பந்தல் போடும் வழக்கமும், மாலையில் பூப்பறித்துத் தொடுக்கும் வழக்கமும், கூந்தலில் சூடும் வழக்கமும் இங்கே ஆயத்தமாக இருந்தன. புதிய செடி பழைய பந்தலிலேயே ஏறிக்கொண்டது.

தென்னிந்தியாவில் ரோஜாவின் செல்வாக்குக்குத் தெளிவான பழஞ்சான்று 1443இல் கிடைக்கிறது. ஈரானிலிருந்து தைமூர் மரபு அரசரின் தூதராக விஜயநகரம் வந்த அப்துர் ரசாக், அந்நகரில் எங்கு பார்த்தாலும் ரோஜா விற்றதையும், மக்கள் அதை உணவுக்கு நிகரான தேவையாகக் கருதியதையும் எழுதிவைத்தார். பாரசீகத்தோடும் அரபு நாடுகளோடும் நடந்த வணிகத்தில் பன்னீரும் முக்கியமான சரக்கு. விருந்தினரைப் பன்னீர்ச் செம்பால் தெளித்து வரவேற்கும் முறை திருமண வீடுகளிலும் அரசவைகளிலும் வேரூன்றியது. 18ஆம் நூற்றாண்டுப் புதுச்சேரியில் பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேக்குத் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பிலும் தாம்பூலமும் பன்னீரும் மரியாதையின் அடையாளங்களாக வருகின்றன. ஆக, தீவில் பிறந்த செடிக்கு முன்பே ரோஜாவின் மணம் கரையேறிவிட்டது.

தீவில் நடந்த கலப்பு

ஐரோப்பியத் தோட்டங்களின் பழைய ரோஜாக்களில் பெரும்பாலானவை ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் பூத்தவை. இலையுதிர்காலத்திலும் மறுமுறை பூக்கும் டமாஸ்கஸ் ரோஜா ஒன்றே குறிப்பிடத்தக்க விதிவிலக்கு. சீனத்து ரோஜாக்களோ ஆண்டு முழுதும் பூப்பவை. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் அவை கல்கத்தா வழியாகவும் ஐரோப்பா சென்றன. அதனால் பிரெஞ்சுக்காரர் அவற்றை வங்காள ரோஜா என்றே அழைத்தனர்.

இந்த இரண்டும் சந்தித்த இடம் பூர்போன் தீவு. மடகாஸ்கருக்குக் கிழக்கேயுள்ள அந்தப் பிரெஞ்சுத் தீவு இன்று ரெயூனியோன் எனப்படுகிறது. அங்கே நிலங்களுக்கு வேலியாக டமாஸ்கஸ் ரோஜாவையும் இளஞ்சிவப்புச் சீன ரோஜாவையும் அடுத்தடுத்து நடுவது வழக்கம். பெரிஷோன் என்பவரின் நிலத்து வேலியில் இரண்டிலும் சேராத ஒரு நாற்று தென்பட்டது. 1817இல் தீவின் தாவரவியல் தோட்டத்துக்குப் பொறுப்பேற்ற நிக்கொலா பிரேயோன் அதைக் கவனித்து, அதன் விதைகளை 1819இல் பிரான்சுக்கு அனுப்பினார். ஓர்லேயான் கோமகனின் தோட்டக்காரர் ழாக் அவற்றை விதைத்து வளர்த்தார். பூ ஓவியர் ரெதூத்தே தம் ரோஜாத் தொகுதியில் அதை வரைந்தார். பூர்போன் ரோஜா என்னும் பிரிவு இப்படித்தான் உருவாயிற்று.

தீவில் முதலில் கிடைத்த வகைக்கு எதுவார் ரோஜா என்று பெயர். தமிழ்நாட்டுப் பூச்சந்தைகளிலும் வேளாண் நூல்களிலும் அதுவே எட்வர்ட் ரோஜா ஆகிப் பன்னீர் ரோஜாவாக விற்கப்படுகிறது. இளஞ்சிவப்பு நிறம், மெல்லிய இதழ், தூரத்திலேயே தெரியும் மணம் ஆகியவை அதன் அடையாளங்கள். டமாஸ்கஸ் தாயிடமிருந்து மணமும், சீனத்து உறவிடமிருந்து ஓயாமல் பூக்கும் குணமும், பிறந்த தீவிலிருந்து வெப்பத்தைத் தாங்கும் உடலும் அதற்குக் கிடைத்தன. நன்றாக ஊட்டம் பெற்றால் ஆள் உயரத்தைத் தாண்டிக் கிளை வீசும். அந்தக் கிளைகளை வளைத்துக் கட்டினால் குட்டையான கொடியாகவே நடந்துகொள்ளும்.

புதுச்சேரியின் தோட்டங்கள்

பூர்போனும் புதுச்சேரியும் ஒரே பிரெஞ்சுக் கப்பல் பாதையில் இருந்த ஊர்கள். 1674இல் பிரான்சுவா மர்த்தேன் காலூன்றிய புதுச்சேரியை 1761இல் ஆங்கிலேயர் இடித்துத் தரைமட்டமாக்கினர். பல கைமாற்றங்களுக்குப் பின் 1816இல் அது பிரெஞ்சுக்காரருக்கு நிலையாகத் திரும்பியது. அதற்குப் பத்தாண்டு கழித்து, 1826இல், நகரின் தென்மேற்கில் தாவரவியல் பூங்கா தொடங்கப்பட்டது. வெளியூர்ச் செடிகளை இந்த மண்ணுக்குப் பழக்குவதே அதன் முதல் வேலை.

அந்தப் பூங்காவின் வளர்ச்சியோடு இணைந்த பெயர் பெரோத்தே. 1819 முதல் 1821 வரை பிலிபேர் என்ற கப்பல் தலைவரின் பயணத்தில் தோட்டக்காரராகச் சென்று, தென்கிழக்காசியாவில் சேகரித்த செடிகளைப் பூர்போன் தீவுக்குக் கொண்டுசேர்த்தவர் அவர். எதுவார் ரோஜா உலகுக்குத் தெரியவந்த அதே காலம், அதே தீவு. பின்னர் செனகலில் பணியாற்றி, 1830களில் புதுச்சேரிக்கு வந்து, நீலகிரியின் தாவரங்களையும் ஆராய்ந்து, 1870இல் புதுச்சேரியிலேயே மறைந்தார். தீவுகளுக்கும் இந்தக் கரைக்கும் இடையே செடிகள் எப்படிப் பயணம் செய்தன என்பதற்கு அவர் வாழ்க்கையே சான்று. 1860இல் கையெழுத்தான பிரெஞ்சு ஆங்கிலேய ஒப்பந்தத்துக்குப் பின் புதுச்சேரி, காரைக்கால் வழியாகத் தமிழ்த் தொழிலாளர் பெருந்தொகையாக அத்தீவின் கரும்புத் தோட்டங்களுக்குச் சென்றனர். அந்தப் பாதையில் மனிதரும் செடிகளும் சேர்ந்தே பயணம் செய்தனர்.

செடியைவிட முக்கியமானது தண்ணீர். கடலோரக் கிணறுகள் பலவும் உவர்ப்பானவை. உவர்நீர் ரோஜாவின் இலை ஓரத்தைக் கருக்கிவிடும். மூன்றாம் நெப்போலியன் காலத்தில், 1863ஆம் ஆண்டளவில், பொறியாளர் லாமெரெஸ் முத்திரப்பாளையம் ஊற்றிலிருந்து நகருக்கு நன்னீர் கொண்டுவந்தார். பாரதி பூங்காவின் நடுவே நிற்கும் ஆயி மண்டபம் அதன் நினைவுச்சின்னம். கடலோரத்து வெள்ளை நகரின் உயர்ந்த மதில்களுக்குள் தோட்டம் செழிக்க இந்த நன்னீர் துணைநின்றது. மதில்கள் கடற்காற்றைத் தடுத்தன. கொடி ஏறுவதற்கும் அவையே இடமாயின. தமிழர் பகுதியில் திண்ணையும் தாழ்வாரமும் முற்றமும் கொண்ட வீடுகளில் துளசி மாடத்துக்கும் கிணற்றடிக்கும் அருகே மல்லிகையோடு ரோஜாவும் இடம்பெற்றது.

கொடி ரோஜாவின் பொற்காலம்

19ஆம் நூற்றாண்டில் பிரான்சு ரோஜா வளர்ப்பின் தலைமை நாடாயிற்று. லியோன் நகரத்து பெலூஸ் 1843இல் வெளியிட்ட சுவெனீர் தெ லா மல்மெசோன் பூர்போன் பிரிவைச் சேர்ந்தது. அதன் கொடி வடிவம் 1893இல் வந்தது. 1868இல் வந்த செஃபிரீன் துரூவேன் முள் ஏறக்குறைய இல்லாதது, மணம் மிகுந்தது, சுவரில் ஏற்றுவதற்கு ஏற்றது. அமெரிக்காவின் சார்ல்ஸ்டன் நகரில் கஸ்தூரி ரோஜாவும் சீன ரோஜாவும் கலந்து பிறந்தது நுவாசெத் பிரிவு. அதில் 1864இல் வெளிவந்த மரெஷால் நியெல் மஞ்சள் நிறக் கொடி ரோஜா; தேயிலையை ஒத்த மணம் உடையது. பிரான்சின் குளிரைத் தாங்காமல் கண்ணாடி வீட்டுக்குள் வளர்க்கப்பட்ட அது, வெப்பநாடுகளில் திறந்த வெளியிலேயே செழித்தது. இந்தியாவின் பங்களாத் தோட்டங்களிலும் அது பெயர்பெற்றிருந்தது.

இந்த வகைகளுள் பல காலப்போக்கில் மறைந்தன. எட்வர்ட் ரோஜா நிலைத்தது. அதற்குக் காரணம் தோட்டக் கலையைவிடப் பூச்சந்தைதான். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் உதிரிப்பூவுக்குப் பரிந்துரைக்கும் ரோஜாக்களில் எட்வர்டும் ஆந்திரச் சிவப்பும் முதலிடம் பெறுகின்றன. நிலக்கோட்டை முதலிய சந்தைகளிலிருந்து மாலைக்கும் பூசைக்கும் குல்கந்துக்கும் பன்னீர் ரோஜா செல்கிறது. வட இந்தியச் சமவெளிகளில் அதே செடி மற்ற ரோஜாக்களுக்கு வேர்ச்செடியாகப் பயன்படுகிறது.

புதுச்சேரியில் ரோஜாவுக்கு இன்னொரு மதிப்பும் சேர்ந்தது. 1926இல் உருவான ஸ்ரீ அரவிந்தர் ஆசிரமத்தில், அதை வழிநடத்திய அன்னை நூற்றுக்கணக்கான பூக்களுக்கு ஆன்மிகப் பொருள் கண்டார். ரோஜாக்களை இறையன்போடும் சரணாகதியோடும் இணைத்தார். பூக்களைத் தந்து வாழ்த்துவது அங்கே அன்றாட வழக்கமாயிற்று. தோட்ட வேலையும் ஆசிரம வாழ்வின் ஒரு பகுதி ஆயிற்று.

கொடைக்கானலில் புதிய தொடக்கம்

வெப்பநாட்டுக்கு உரிய கொடி ரோஜாவைத் திட்டமிட்டு உருவாக்கும் முயற்சி தமிழ்நாட்டிலேயே நடந்தது. இந்திய ஆட்சிப் பணியிலிருந்து விலகிக் கொடைக்கானலில் குடியேறிய வீரராகவனும் அவர் துணைவி கிரிஜாவும் இரண்டு இந்தியக் காட்டினங்களைக் கையில் எடுத்தனர். ஒன்று ரோசா ஜைகான்டியா. 1882இல் சர் ஜார்ஜ் வாட் மணிப்பூரில் கண்ட இந்த இனம் பெரிய மரங்களின் உச்சிவரை ஏறக்கூடியது. இளம் மஞ்சள் கலந்த வெண்ணிறப் பெரிய பூக்களும் நறுமணமும் கொண்டது. தேயிலை மண ரோஜாக்களின் முன்னோருள் இதுவும் ஒன்று. மற்றொன்று ரோசா கிளினோஃபில்லா. வங்காளம் முதலிய பகுதிகளின் நீர்நிலை ஓரங்களில் வளரும் அது, வெள்ளம் தேங்கும் இடத்தையும் தாங்கும்.

இவற்றிலிருந்து மணிப்பூர் மேஜிக், ஆம்பர் கிளவுட் போன்ற கொடி ரோஜாக்கள் பிறந்தன. தாவர உயிரணு ஆய்வில் உலகப் புகழ்பெற்ற இ.கே. ஜானகி அம்மாளின் பெயரையும் அவர்கள் ஒரு ரோஜாவுக்கு இட்டனர். குளிர்நாட்டு வகையை வெயிலில் காப்பாற்றப் போராடுவதைவிட, வெயிலில் பிறந்த இனத்திலிருந்து புதிய வகையைப் பெறுவதே சரி என்பது அவர்கள் கொள்கை. பூர்போன் தீவு வேலியில் தற்செயலாக நிகழ்ந்ததை அவர்கள் அறிந்து செய்தனர்.

முகத்துவார மண்ணில் வளர்ப்பு முறை

தேங்காய்த்திட்டு போன்ற முகத்துவாரக் கரையில் மண் மணற்பாங்கானது. நிலத்தடி நீரில் உப்பு சேரும் வாய்ப்பு அதிகம். எனவே தரையைவிட உயர்த்திக் கட்டிய மேட்டுப்பாத்தியோ பெரிய தொட்டியோ நல்லது. செம்மண், தொழுவுரம், வேப்பம் பிண்ணாக்கு ஆகியவற்றைக் கலந்தால் மணல் ஈரத்தைப் பிடித்துவைக்கும். ஒட்டுச் செடி வாங்கும்போது வேர்ச்செடி எது என்று கேட்பது அவசியம். உவர்ப்பும் களர்த்தன்மையும் உள்ள மண்ணுக்கு ரோசா இண்டிகா ஒடொராட்டா என்னும் வேர்ச்செடி ஏற்றது என்பது தோட்டக்கலை அறிவு. மழைநீரைச் சேர்த்துவைத்து ஊற்றினால் வேர்ப்பகுதியில் தங்கிய உப்பு கரைந்து இறங்கும்.

காலைச் சூரியன் படும் கிழக்குப் பக்கம், கடற்காற்று நேரே அடிக்காத மதிலோரம் நடுவதற்கு உகந்தது. சவுக்குக் கழியாலும் மூங்கிலாலும் பந்தல் அமைத்து, முதன்மைக் கிளைகளைப் படுக்கைவாட்டில் வளைத்துக் கட்ட வேண்டும். செங்குத்தாக விட்டால் நுனியில் மட்டுமே பூ வரும். சாய்த்துக் கட்டினால் கிளையின் நீளம் முழுவதும் பக்கத் துளிர்கள் விழித்துப் பூக்கும். தமிழ்நாட்டில் ரோஜாவுக்குக் கவாத்து அக்டோபர் முதல் டிசம்பர் வரை செய்வது வழக்கம். புதுச்சேரியின் மழையில் பாதிக்கு மேல் வடகிழக்குப் பருவமழையிலேயே பெய்துவிடுவதால், அடைமழை நாட்களைத் தவிர்த்து வெட்ட வேண்டும்; ஈரத்தில் இலைக்கரும்புள்ளி நோய் வேகமாகப் பரவும். கொடி வகைகளில் முதன்மைக் கிளைகளை வைத்துக்கொண்டு காய்ந்தவற்றையும் பூத்து முடிந்த பக்கக் கிளைகளையும் மட்டும் நீக்க வேண்டும்.

புயலும் இங்கே கணக்கில் வர வேண்டியது. 2011 டிசம்பர் 30இல் தானே புயல் புதுச்சேரியின் மரங்களைப் பெருமளவில் சாய்த்தது. 2024 நவம்பர் 30இல் கரை கடந்த ஃபெஞ்சல் புயலின்போது நகரில் 24 மணி நேரத்தில் 48 சென்டிமீட்டருக்கு மேல் மழை பெய்தது. பந்தல் கால்களை ஆழமாக ஊன்றுவதும், பாத்தியில் வடிகால் வைப்பதும், பருவமழைக்கு முன் கட்டுகளைப் புதுப்பிப்பதும் இந்தக் கரையில் வளர்ப்பு முறையின் பகுதிகளே.

இத்தனை வகைகளுள் கடற்கரை வீட்டுக்கு முதலில் தேர வேண்டியது பன்னீர் ரோஜாதான். வெப்பம் தாங்கும், மணம் குறையாது, ஆண்டு முழுதும் பூக்கும். ஒட்டு இல்லாமலே முற்றிய குச்சியிலிருந்து வேர்விடும். பதியம் போட்டும் பெருக்கலாம். ஒரு வீட்டில் கவாத்து செய்த குச்சி அடுத்த வீட்டில் செடியாவதால், விலையோ நாற்றங்காலோ இல்லாமல் அது தெருத் தெருவாகப் பரவியது. பெரிய பெயர் பெற்ற கொடி ரோஜாக்கள் பல மறைந்தபின்னும் இரு நூற்றாண்டுகளாக அது நிலைத்திருப்பதற்கு பூச்சந்தையோடு இந்த எளிய பெருக்கமும் காரணம்.