வலிக்காத இடம்

குடலின் ஒரு நுனியை வயிற்றுக்கு வெளியே கொண்டுவந்து தைத்து வைக்கும் வாய்க்கு ஸ்டோமா என்று பெயர். சிவப்பாக, ஈரமாக, உதட்டின் உட்புறம் மாதிரி இருக்கும். தொட்டால் வலிக்காது. பையின் ஓரம் கிழித்து ரத்தம் வந்தால்கூட அந்த ஆளுக்குத் தெரியாது. சுற்றியிருக்கும் தோல் அப்படியில்லை. சிறுகுடல் நீர் பட்டுக்கொண்டே இருந்தால் வெந்து புண்ணாகிவிடும். இதைப் பார்த்துக்கொள்ள நர்ஸுகளுக்குத் தனிப் பயிற்சி வந்த வரலாற்றைப் படித்தபோது எனக்கு ஒன்று தோன்றியது. வலி சொல்லிக்கொடுக்காத இடத்தைக் கண்ணால் பார்க்கப் பழகியவர்களின் கதை இது.

அந்தக் கதையைத் தொடங்கிவைத்தவர் நர்ஸ் இல்லை, நோயாளி. அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் ஆக்ரன் என்ற ஊரைச் சேர்ந்த நார்மா கில். பெருங்குடல் முழுக்கப் புண். 1954-ல் கிளீவ்லாந்து கிளினிக்கில் டாக்டர் ரூபர்ட் டர்ன்புல் ஆபரேஷன் செய்து ஸ்டோமா வைத்தார். உடம்பு தேறியதும் நார்மா தன்னைப் போன்றவர்களைத் தேடிப்போய், பை ஒட்டுவது எப்படி, தோலைக் காப்பது எப்படி என்று சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார். 1958-ல் டர்ன்புல் அவரையே வேலைக்கு எடுத்துக்கொண்டார். 1961-ல் இருவரும் சேர்ந்து பள்ளி தொடங்கினார்கள். ஆரம்பத்தில் அங்கே படிக்க வந்தவர்களில் பலர் வயிற்றில் ஸ்டோமா உள்ளவர்கள்தான்.

அந்தக் காலத்தில் தோலைக் காப்பாற்றிய பொருள் நம்ம நாட்டுக் காட்டிலிருந்து போனது என்பது ஆச்சரியம். கராயா பிசின். இந்தியாவின் வறண்ட காடுகளில் மரத்தைக் கீறி எடுப்பது. ஈரம் பட்டால் உப்பிக் களி மாதிரி ஆகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். பல்செட் ஒட்டப் பயன்பட்ட அந்தத் தூளை டர்ன்புல் ஸ்டோமாவைச் சுற்றித் தூவினார்.

1976-ல் அமெரிக்காவில் விதி மாறியது: பதிவு பெற்ற நர்ஸ் மட்டுமே இந்தப் பயிற்சியில் சேரலாம். 1978-ல் மிலானில் உலக அமைப்பு உருவானபோது நார்மாவே முதல் தலைவர். படிப்புக்கு மரியாதை கிடைத்தது. புண், மலம் சிறுநீர் அடங்காமை எல்லாம் பாடத்தில் சேர்ந்தன. ஆனால் நார்மா மாதிரி ஓர் ஆள் அதற்குப் பிறகு அந்த வகுப்பில் மாணவியாகக்கூட உட்கார முடியாது. இந்த லாப நட்டக் கணக்கை நான் இன்னும் முடிக்கவில்லை.

எனக்கு ஊர் கீழ்பென்னாத்தூர். திருவண்ணாமலையிலிருந்து செஞ்சி போகிற ரோட்டில் இருக்கிறது. பெரிய வைத்தியம் என்றால் எங்கள் பக்கத்து ஜனங்கள் போளூர், கண்ணமங்கலம் தாண்டி வேலூருக்கு பஸ் ஏறுவார்கள். அந்த வேலூரிலும் வலிக்காத இடத்தின் கதை ஒன்று உண்டு.

1946-ல் சி.எம்.சி.யின் நர்ஸிங் பள்ளி, சென்னைப் பல்கலைக்கழகப் பட்டம் தரும் கல்லூரியானது. அதே வருஷம் டாக்டர் பால் பிராண்ட் அங்கே வந்தார். தொழுநோயில் சதை தானாக அழுகுகிறது, அந்தப் புண் ஆறவே ஆறாது என்று எல்லாரும் நம்பிய காலம். பிராண்ட் கவனித்துப் பார்த்தார். நோய் நரம்பைக் கெடுக்கிறது. வலி தெரியாததால் முள் குத்தினாலும், சூடு பட்டாலும் ஆள் காலை எடுப்பதில்லை. மாவுக்கட்டுப் போட்டுப் பாதத்துக்கு ஓய்வு கொடுத்தால் அந்தச் சதையும் மற்றவர் சதை போலவே ஆறியது. ராத்திரியில் விரல்கள் காணாமல்போனதற்குக் காரணம் எலி என்று தெரிந்ததும், வீட்டுக்குப் போகிறவர்களிடம் பூனை கொடுத்தனுப்பினார்கள். தினமும் சாயங்காலம் உள்ளங்காலைப் பார் என்பதுதான் நோயாளிக்கான முதல் பாடம். சர்க்கரை நோயில் கால் மரத்துப்போனவர்களுக்கு இன்று சொல்வதும் அதேதான்.

ஸ்டோமா பயிற்சியிலும் பாடம் இப்படி எளிமையானதுதான். ஆபரேஷனுக்கு முன்பே ஆளை உட்காரவைத்து, நிற்கவைத்து, குனியச் சொல்லி வயிற்றில் புள்ளி வைக்க வேண்டும். மடிப்பில் வந்தால் பை ஒட்டாது. நம்ம ஊரில் அரைஞாண் கயிறு, பாவாடை நாடா, புடவைக் கொசுவம் எங்கே வருகிறது என்று பார்க்கணும். சம்மணம் போட்டும், களை எடுக்கிற மாதிரி குத்தவைத்தும் உட்காரச் சொல்லணும். முதல் சில வாரங்களில் ஸ்டோமா சுருங்கும். அதனால் ஒவ்வொரு முறையும் அளந்து ஓட்டை வெட்டணும். பை மூன்றில் ஒரு பங்கு நிரம்பியதும் காலி செய்யணும். இதில் எதற்கும் பெரிய மெஷின் வேண்டாம். தெரிந்த ஓர் ஆள் வேண்டும்.

மும்பை டாடா நினைவு மருத்துவமனையில் இந்தப் பயிற்சி நடக்கிறது. கற்றவர்கள் பெரும்பாலும் பெருநகரங்களிலேயே இருக்கிறார்கள். பை கசிந்தால் கீழ்பென்னாத்தூர்க்காரர் வேலூருக்கு பஸ் ஏற மாட்டார். பஸ்ஸில் பக்கத்து ஆள் மூக்கைப் பொத்துவானோ என்ற பயமே அவரை வீட்டுக்குள் உட்காரவைத்துவிடும்.

2021-லிருந்து மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிரஷர், சுகர் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. வாசலுக்கு வரும் அந்த அக்கா உள்ளங்காலைத் திருப்பிப் பார்க்கவும், பையைப் பிரித்துச் சுற்றியுள்ள தோலைப் பார்க்கவும் கற்றிருந்தால் எவ்வளவோ கால்கள் தப்பும். கூடவே, அதே ஊரில் பத்து வருஷமாகப் பை கட்டி வாழ்கிற ஒரு பெரியவரை அவருக்கு வாத்தியாராக உட்காரவைக்கலாம். நார்மா கில் செய்தது அதைத்தான்.