கூடாரத்தில் தங்கிய உறவினர்

பிழைப்பை நாடி வேற்று மாநிலத்தில் குடியேறிய நாம், மனம் சலித்த நாட்களில் கதவைச் சாத்திக்கொண்டு தனித்திருக்கவே விரும்புகிறோம். ஊரார் நலம் விசாரித்தால் ‘சௌக்கியம்’ என்ற ஒரு சொல்லோடு நிறுத்திக்கொள்கிறோம். மனநோய்க்கும் ஒரு காலத்தில் தனிமையே மருந்தெனக் கருதப்பட்டது. அக்கருத்தை அசைத்த ஊர்களுள் அமிர்தசரஸ் ஒன்று.

பிரிவினைக்குப் பின், லாகூர் மனநோய் ஆஸ்பத்திரியிலிருந்த இந்து, சீக்கிய நோயாளிகள் 1950இல் அந்நகருக்குக் கொண்டுவரப்பட்டனர். நோயாளியை உள்ளே விட்டுவிட்டு உறவினர் திரும்பிவிடுவதே அன்றைய வழக்கம். பின்னர் எட்டிப்பாராதவரும் உண்டு. ஆஸ்பத்திரித் தலைவராயிருந்த டாக்டர் வித்யாசாகரோ உறவினரையும் உடன் தங்கச் செய்தார். கட்டடத்தில் இடமேது? வளாகத்திலேயே கூடாரங்கள் எழுந்தன. வீட்டார் அருகிருந்து நோயாளியைக் கவனித்தனர். வைத்தியர் அவர்களையும் ஒன்றுகூட்டி, நோயின் இயல்பை எளிய மொழியில் எடுத்துரைத்தார். நோயாளிகள் பலர் விரைவில் வீடு திரும்பினர். அஞ்சிக் களைத்திருந்த குடும்பத்தாரின் நெஞ்சமும் தேறியது. நாம் பெரிதாக மதிப்பது இதைத்தான்.

நம் வேலூரிலும் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி 1950களிலேயே இம்முறையைக் கைக்கொண்டது. நோயாளியோடு வீட்டார் ஒருவர் தங்கவேண்டும் என்பது அங்கே விதி.